வாசகர் கேள்வி – பதில்: பென் டிரைவ் வியாபாரத்துக்கு இனி வாய்ப்பு உண்டா?

சென்ற இதழில் வாசகர் ஒருவர், பென் டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு விநியோக உரிமை எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். "கழற்றி எடுத்துச் செல்லும் சேமிப்புக் கருவிகளுக்கு இனிச் சந்தை இல்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன. இடப் பற்றாக்குறையால் சுருக்கினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், கேள்வியை நான் அன்று சரியாக யோசிக்கவில்லை என்பதே உண்மை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி உதிரிப் பொருள் கடை நடத்துகிறேன். முன்பு நாளொன்றுக்கு இருபது மெமரி கார்டு விற்ற இடத்தில் இப்போது வாரத்துக்கு நான்கு போனால் பெரிது. "சந்தை இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மகன், அந்த அலமாரியையே எடுத்துவிடலாம் என்கிறான். எடுத்துவிடலாமா? – ஈரோடு

பதில்: அலமாரியை எடுக்க வேண்டாம்; அதில் இருக்கும் சரக்கை மாற்றுங்கள்.

உங்கள் விற்பனை ஏன் விழுந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் செல்பேசிக் கடை வாசலில் "இங்கே பாடல் ஏற்றித் தரப்படும்" என்று ஓர் அட்டை தொங்கும். உள்ளே ஒரு பழைய கணினி. அதில் நடிகர் வாரியாக, இசையமைப்பாளர் வாரியாக, அம்மன் பாடல், ஐயப்பன் பாடல் என்று கோப்புறைகள். வாடிக்கையாளர் விரல்நக அளவிலான கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் முந்நூறு பாட்டு ஏறியிருக்கும். அந்தப் பாட்டு வியாபாரத்தின் சட்ட நியாயம் வேறு கதை. கார்டு விற்பனையைத் தூக்கி நிறுத்தியது அதுதான் என்பதைச் சொல்ல வருகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்து இணையக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, பாட்டைச் சுமந்து திரிய வேண்டிய தேவையே போய்விட்டது. போதாக்குறைக்குச் செல்பேசித் தயாரிப்பாளர்களும் கார்டு செருகும் இடத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். சாம்சங் தன் உயர்விலை கேலக்சி எஸ் வரிசையில் 2021-ஆம் ஆண்டின் எஸ்21-உடன் அதை நிறுத்தியது. எனவே நீங்கள் இழந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போகவில்லை. அவருடைய தேவையே மறைந்துவிட்டது. விலையைக் குறைத்தாலும் அவர் திரும்ப மாட்டார்.

ஆனால் புதிதாக வந்திருப்பவர்களும் உண்டு. கண்காணிப்புக் கேமரா பொருத்துபவரைக் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு சிறு கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே மைக்ரோ எஸ்.டி. கார்டைப் போட்டுவிடுகிறார்கள். அது இரவு பகலாக அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருப்பதால், சாதாரணக் கார்டு விரைவில் தேய்ந்துபோகும். இதற்கென்றே பலமுறை எழுதி அழித்தாலும் தாங்கும் கார்டுகள் தனியாக வருகின்றன. விலை சற்றுக் கூடுதல், திரும்பி வரும் புகார் மிகக் குறைவு. அடுத்து, திருமணப் புகைப்படக்காரர்கள். முன்பு டிவிடி உறையில் மணமக்கள் படம் அச்சிட்டுக் கொடுத்தவர்கள், இப்போது வெல்வெட் வைத்த சிறு மரப்பெட்டிக்குள் ஒரு பென் டிரைவை வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு முகூர்த்த மாதத்துக்கு ஒரு ஸ்டூடியோ எத்தனை வாங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே ஸ்டூடியோவுக்குப் படம்பிடித்த மூலக் கோப்புகளை வைத்துக்கொள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கும், சுழலும் வட்டுக்குப் பதில் சில்லில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யும் வேண்டும். 2023-இல் வந்த ஐபோன் 15 புரோ, யு.எஸ்.பி.-சி வழியாக வெளியே இணைத்த எஸ்.எஸ்.டி.யிலேயே நேரடியாகக் காணொளியைப் பதியும் வசதியைக் கொண்டுவந்தது. செல்பேசியில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் உங்கள் கடைக்கு வர அது ஒரு காரணம். விளையாட்டுக் கருவி வாங்குபவர்களும் உண்டு: 2025 ஜூனில் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2, தன் உள் நினைவகத்துக்கு வெளியே, மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்னும் புதிய வகைக் கார்டில்தான் விளையாட்டுகளைச் சேமிக்கும். பழைய கார்டு அதற்கு உதவாது. இது நம் ஊரில் சிறு கூட்டம்தான், ஆனால் விலை பேசாத கூட்டம்.

கொள்முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சரக்கின் விலை உங்கள் கையிலும் இல்லை, உங்கள் மொத்த வியாபாரியின் கையிலும் இல்லை. உள்ளே இருந்து தரவைச் சேமிக்கும் நாண்ட் என்னும் வகைச் சில்லுகளைச் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், கியோக்சியா, மைக்ரான், சான்டிஸ்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே. அவை உற்பத்தியை மிகுத்தால் விலை சரியும், 2022–23-இல் சரிந்ததைப் போல, குறைத்தால் ஏறும். 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் விலை ஏறத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளருக்கான தன் குரூஷியல் வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இந்த அலமாரியில் மூன்று மாதச் சரக்கை வாங்கி அடுக்குபவர் கடைக்காரராக இருப்பதை விட்டுவிட்டுச் சூதாடியாகிவிடுகிறார். இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

கேள்வி: வணிகவியல் முதுகலை படிக்கிறேன். 'ஜிப் டிரைவ்' என்ற ஒன்று 1990-களில் பெரும் வெற்றி பெற்றுப் பின் மறைந்தது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நல்ல பொருள் ஏன் தோற்றது? அதிலிருந்து இன்றைய சந்தையை அறிய முடியுமா? – மதுரை

பதில்: இந்தத் துறையில் ஒரே ஒரு கதையை மட்டும் படிக்கலாம் என்றால் இதையே படிக்கச் சொல்வேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ராய் என்னும் சிற்றூரில் 1980-இல் தொடங்கப்பட்ட அயோமெகா நிறுவனம், கழற்றி எடுக்கும் வட்டில் கோப்புகளை எழுதும் ஜிப் டிரைவை 1995 மார்ச்சில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு எல்லோர் கையிலும் இருந்த ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி.; ஜிப் வட்டின் கொள்ளளவு 100 எம்.பி. ஏறத்தாழ எழுபது ஃபிளாப்பிகள் ஒரே வட்டில். டிரைவின் விலை 200 டாலருக்கு அருகில், வட்டின் விலை 20 டாலருக்கு அருகில். சட்டைப்பைக்கு அடங்கும் அளவில் இருந்த வட்டு, ஃபிளாப்பியைவிடத் தடிமன் இரு மடங்கு. அதை உள்ளே தள்ளும்போது எழும் 'டக்' என்ற ஓசையில் ஒரு கெட்டித்தனம் தெரியும். அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புபவர்களுக்கு, அதாவது பத்திரிகை நடத்துபவர்களுக்கு, அது பெரிய விடுதலை. முப்பது ஃபிளாப்பிகளில் பக்கங்களைப் பிரித்து எழுதி, இருபத்தெட்டாவது ஃபிளாப்பி படிக்கவில்லை என்று அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்த காலத்தை நான் மறக்கவில்லை.

லாபக் கணக்கு எளிது. டிரைவைக் குறைந்த லாபத்தில் விற்க வேண்டும். வாங்கியவர் பிறகு வட்டு வட்டாக வாங்கிக்கொண்டே இருப்பார். உண்மையான லாபம் வட்டில். சவரக் கத்திப் பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் அதே வழி. 1995–96-இல் அயோமெகாவின் பங்கு விலை விண்ணைத் தொட்டது. 1997-இல் ஆண்டு விற்பனை 170 கோடி டாலரை எட்டியது. போட்டியாளர்களும் திரண்டார்கள். சீகேட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சையத் இஃப்திகார் 1982-இல் நிறுவிய சைக்வெஸ்ட், அதிகக் கொள்ளளவுள்ள வட்டுகளை மலிவு விலையில் இறக்கியது. 120 எம்.பி. கொண்ட சூப்பர் டிஸ்க் வந்தது. பழைய ஃபிளாப்பியையும் அதே டிரைவில் படிக்கலாம் என்பது அதன் சிறப்பு. சோனியும் 200 எம்.பி. வட்டு ஒன்றைச் செய்து பார்த்தது. இவை எவையும் ஒன்றோடொன்று பொருந்தா. சைக்வெஸ்ட் விலைப்போரில் நட்டமடைந்து 1998 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. மறு ஆண்டு அதன் சொத்துகளை அயோமெகாவே வாங்கியது.

போட்டியாளனை விழுங்கிய அயோமெகா பிறகு ஏன் தேய்ந்தது? 'கிளிக்' என்ற ஓசையுடன் டிரைவ் செயலிழந்து வட்டையும் கெடுக்கும் கோளாறைப் பற்றி 1998-இல் வாடிக்கையாளர் குழு வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டது உண்மை. அது பெயரைக் கெடுத்ததும் உண்மை. ஆயினும் அடிப்படைக் காரணம் அதுவன்று என்பது என் கருத்து. கொல்லைப்புற வழியாக வேறொருவர் வந்துவிட்டார்: சிடி-ஆர், அதாவது நாமே பதிந்துகொள்ளும் சிடி. 650 எம்.பி. கொண்ட வெற்றுத் தகடு, சில ஆண்டுகளிலேயே ஒரு டாலருக்கும் கீழே வந்தது. வேகத்தில் ஜிப்புக்கு ஈடில்லை. பெரும்பாலான தகடுகளில் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். ஆனால் அதைப் படிக்கும் டிரைவ் உலகில் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருந்தது. ஜிப் வட்டில் கோப்பை எழுதிக் கொடுப்பவர், "உங்களிடம் ஜிப் டிரைவ் இருக்கிறதா?" என்று கேட்டாக வேண்டும். சிடியை எழுதிக் கொடுப்பவர் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. இந்தச் சந்தையின் எல்லாத் தீர்ப்புகளும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன: நான் எழுதியது அடுத்தவர் எந்திரத்தில் திறக்குமா?

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். 20 டாலர் வட்டில்தான் லாபம் என்பதால், சிடி-ஆர் விலை சரியச் சரிய அயோமெகாவால் வட்டு விலையை அதே வேகத்தில் குறைக்க முடியவில்லை. குறைத்தால் தன் லாபத்தின் வேரையே வெட்டிக்கொண்டதாகும். 250 எம்.பி., 750 எம்.பி. என்று கொள்ளளவைக் கூட்டிப் பார்த்தார்கள். கேட்கப்பட்ட கேள்வி கொள்ளளவைப் பற்றியதே அன்று. 2000-இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப் டிரைவ் என்ற பெயரில் யு.எஸ்.பி. துண்டு ஒன்றைக் காட்டியது. அவ்வாண்டு இறுதியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்த 8 எம்.பி. துண்டை ஐ.பி.எம். விற்கத் தொடங்கியது. வெறும் 8 எம்.பி.! ஜிப் வட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் அதற்கு டிரைவே வேண்டாம். வட்டும் டிரைவும் ஒன்றாகிவிட்டன. பிடியும் பிளேடும் ஒன்றான பிறகு பிளேடு வியாபாரம் எங்கிருந்து நடக்கும்? 2008-இல் அயோமெகாவை இ.எம்.சி. நிறுவனம் 21.3 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை: சூப்பர் டிஸ்க் ஏன் தோற்றது என்று எழுதுங்கள். "அடுத்தவர் எந்திரத்தில் திறக்குமா" என்ற கேள்விக்குப் பழைய ஃபிளாப்பி வரையில் பதில் வைத்திருந்தும் அது வெல்லவில்லை. என் விளக்கத்தில் இருக்கும் ஓட்டை அது. அடைத்துக் காட்டினால் மகிழ்வேன்.

கேள்வி: எங்கள் எம்பிராய்டரி எந்திரம் ஃபிளாப்பியில்தான் டிசைனை ஏற்றுக்கொள்கிறது. எந்திரம் நன்றாக ஓடுகிறது, ஃபிளாப்பிதான் கிடைப்பதில்லை. இனி யாராவது தயாரிப்பார்களா? – திருப்பூர்

பதில்: அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம். சோனி தன் ஃபிளாப்பி விற்பனையை 2011-இல் நிறுத்தியது. இன்று சுற்றில் இருப்பவை பழைய இருப்பும், அழித்துத் திரும்ப விற்பவையும். அந்த டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதே கம்பி இணைப்பில் பொருந்தும் 'எமுலேட்டர்' ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். அதில் பென் டிரைவைச் செருகினால், எந்திரம் தனக்கு ஃபிளாப்பி கிடைத்ததாகவே எண்ணிக்கொள்ளும். ஒரு பென் டிரைவில் நூற்றுக்கணக்கான ஃபிளாப்பிகளை எண்ணிட்டு வைக்கலாம். முகப்பில் இருக்கும் பொத்தானை அழுத்தி வேண்டிய எண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாங்கும் முன் உங்கள் எந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்குரிய வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் தனியாள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்: ஜப்பான் அரசு, விண்ணப்பங்களை ஃபிளாப்பியில் தர வேண்டும் என்று கூறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை 2024-இல்தான் நீக்கி முடித்தது. சான் பிரான்சிஸ்கோ நகர ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு, 1998-இல் நிறுவியபோது வைத்த ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியை மாற்றுவதற்கு, அதே 2024-இல் 21.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. உங்களுக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்தான்.

இதில் வியாபாரம் பார்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கணினியின் ஆயுள் ஐந்தாண்டு, ஆலை எந்திரத்தின் ஆயுள் முப்பதாண்டு. அந்த இடைவெளியில் எமுலேட்டர் பொருத்தித் தருபவருக்கு இன்னும் பல ஆண்டுகளுக்கு வேலை இருக்கும்.

கேள்வி: என் தந்தை மோசர் பேர் நிறுவனப் பங்குகளை வாங்கி வைத்திருந்தார். அந்தப் பத்திரங்கள் இப்போது எங்கள் பீரோவில் கிடக்கின்றன. உலகம் முழுவதும் சிடி விற்ற நிறுவனம் எப்படிக் கவிழ்ந்தது? அந்தப் பங்குக்கு மதிப்பு ஏதும் தேறுமா? – திருச்சி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில்: நம்பிக்கை வைக்க வேண்டாம். 2017 நவம்பரில் அந்நிறுவனம் திவால் தீர்ப்பு நடைமுறைக்குள் சென்றது. மீட்டெடுக்க ஆள் இல்லாததால் 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதைக் கலைக்க ஆணையிட்டது. கலைப்பில் சொத்தை விற்று வரும் பணம் வங்கிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் பிற கடன்காரர்களுக்கும் போன பிறகு, வரிசையின் கடைசியில் நிற்பவர் சாதாரணப் பங்குதாரர். அந்த வரிசை பெரும்பாலும் அவர் வரை வருவதில்லை.

கவிழ்ந்த கதை சற்று நீளம். 1983-இல் தீபக் பூரி புதுதில்லியில் தொடங்கிய அந்நிறுவனம், முதலில் நேரப் பதிவுக் கருவி செய்தது. 1988-இல் ஃபிளாப்பிக்கு வந்தது. 1999-இல் சிடி-ஆருக்கு வந்தது. ஒரு வட்டு மறையும் முன் அடுத்த வட்டுக்குத் தாவிவிடும் சாமர்த்தியம் அதற்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் இருந்த ஆலைகளிலிருந்து தகடுகள் உலகெங்கும் போயின. பல பன்னாட்டு நிறுவனங்களின் பெயர் பொறித்த உறைக்குள் இருந்தது நொய்டாத் தகடுதான். போட்டி தாங்காமல் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இந்தியச் சிடி-ஆர் மீது எதிர்வரி விதித்த அளவுக்கு அது வளர்ந்தது.

ஆனால் வெற்றுத் தகடு என்பது அரிசி, பருப்பு போன்ற பொருள். யார் செய்ததும் ஒன்றுதான். விலை மட்டுமே பேசும். தைவான் ஆலைகளோடு போட்டியிட்டு விலை இறங்கியது. தகட்டின் மூலப்பொருளான பாலிகார்பனேட்டின் விலையோ கச்சா எண்ணெயோடு ஏறியது. ஒவ்வொரு தகட்டுக்கும் காப்புரிமைக் கட்டணம் வேறு. தகட்டை வெறுமையாக விற்பதைவிடப் படத்தை ஏற்றி விற்கலாம் என்று 2007-இல் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கினார்கள். தமிழ்ப் படங்களும் அந்த வரிசையில் வந்தன. நடைபாதைத் திருட்டு டிவிடியின் விலைக்கே அசல் கிடைத்தது அதுதான் முதல்முறை. அந்த யோசனையை நான் இன்றும் மெச்சுகிறேன். கூடவே சூரிய மின்தகட்டு உற்பத்தியிலும் பெரும் கடன் வாங்கி இறங்கினார்கள். அங்கேயும் சீன ஆலைகள் விலையை உடைத்தன. பழைய தொழில் பணம் தரவில்லை, புதிய தொழில் பணம் கேட்டது. 2012-இல் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களைத் திருப்பித் தர இயலாத நிலை வந்தது.

அயோமெகாவின் வட்டை அதன் உரிமம் இல்லாமல் வேறு யாரும் செய்ய முடியாது, அதனால் விலை இறங்காமல் அது அழிந்தது. மோசர் பேரின் வட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனால் விலை இறங்கி அது அழிந்தது. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இணையத்தில் 2 டி.பி. பென் டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறதே, வாங்கி விற்கலாமா? – நாகர்கோவில்

பதில்: விற்றால் அடுத்த வாரம் வாடிக்கையாளர் உங்கள் வாசலில் நிற்பார். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜி.பி. சில்லாக இருக்கும். கணினியிடம் "நான் 2 டி.பி." என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தியிருப்பார்கள். முதலில் போடும் கோப்புகள் நன்றாகவே திறக்கும். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு எழுதுபவை காற்றில் போகும், அல்லது பழைய கோப்பின் மேலேயே ஏறி அதையும் அழிக்கும். பெயர்கள் திரையில் ஒழுங்காகத் தெரியும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள், கருவி முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும். புதிய மொத்த வியாபாரியிடம் வாங்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றை எடுத்து இப்படிச் சோதியுங்கள். சோதித்த கருவி என்று எழுதி ஒட்டினால் பத்து ரூபாய் கூடுதலாகவும் கேட்கலாம். நான் வாடிக்கையாளராக இருந்தால் கொடுப்பேன்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இறுவட்டுகள் உள்ளன. புதிதாக வாங்கும் கணினிகளில் அவற்றைப் போட இடமே இல்லை. இறுவட்டு இயக்கிகள் இன்னும் எத்தனை காலம் விற்பனையில் இருக்கும்? – யாழ்ப்பாணம்

பதில்: 'இறுவட்டு' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன், தமிழ்நாட்டில் நாங்கள் சிடி என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டோம்.

யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் மெல்லிய டிவிடி இயக்கிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. அவை சிடியையும் படிக்கும். ஆனால் இத்துறையில் ஒவ்வொருவராக விளக்கை அணைத்துக்கொண்டு போகிறார்கள். பதியக்கூடிய புளூ-ரே தகடுகளின் உற்பத்தியைப் பானசோனிக் 2023 பிப்ரவரியிலும், சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்தின. நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு இயக்கிகளை இப்போதே வாங்கி, ஒன்றை உறை பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நானூறு தகடுகளையும் படி எடுத்தால் அதிகபட்சம் 280 ஜி.பி. வரும், ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலைக்குக் கூட அது காணாது. நூலகத்தில் பதிந்தெடுத்த சொந்த ஒலிப்பதிவுகள் இருந்தால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். கடையில் வாங்கியவற்றுக்கு வேறு எங்காவது படி இருக்கும். பதிந்தெடுத்த தகட்டில் இருப்பது சாயம். அது வெயிலிலும் வெக்கையிலும் மங்கும்.

கேள்வி: எல்லாம் 'கிளவுடு'க்குப் போய்விட்ட பிறகு கையில் எடுத்துச் செல்லும் சேமிப்புக்கு எதிர்காலம் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சென்ற மாதம் இல்லை என்றீர்கள், இம்மாதம் உண்டு என்கிறீர்கள். – சென்னை

பதில்: குட்டு பொருத்தமானது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கிளவுடு என்பது மேகத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள்: அங்கே கழற்றி எடுக்கும் சேமிப்புக் கருவி ஒன்று, மொத்தக் கொள்ளளவுக் கணக்கில், அண்மை ஆண்டுகளில் மேலும் மேலும் விற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் டேப். ஆம், நாடாதான்.

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர் சிலரின் அஞ்சல் பெட்டிகள் வெறுமையாயின. கூகுள் வட்டுகளில் வைத்திருந்த படிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கடைசியில் அஞ்சல்களை மீட்டது அலமாரியில் இருந்த காந்த நாடாக்களிலிருந்து. கம்பியில் இணைக்கப்படாத ஒன்றைப் பிழையும் தொடாது, பணம் பறிக்கும் வைரஸும் தொடாது. அடுத்தவர் எந்திரத்தில் திறக்காமல் தனித்துக் கிடந்தது ஜிப் வட்டின் குறை; இங்கே 'தனித்துக் கிடத்தல்' சிறப்பாகிவிட்டது. எல்.டி.ஓ. என்ற பொதுத் தரத்தில் ஐ.பி.எம்., ஹெச்.பி., சீகேட் ஆகிய மூன்றும் சேர்ந்து 2000-இல் கொண்டுவந்த முதல் தலைமுறைக் கேட்ரிட்ஜ் 100 ஜி.பி.; 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டி.பி.; 2025-இல் வந்த பத்தாம் தலைமுறை 30 டி.பி. தரவைச் சுருக்கி எழுதினால் கொள்ளும் அளவைக் கணக்கிட்டு, 2024-இல் மட்டும் 176.5 எக்சாபைட் அளவுக்கு நாடாக்கள் விற்றதாக எல்.டி.ஓ. தரத்தை நடத்தும் நிறுவனங்களின் கூட்டமைப்பு அறிவித்தது; எக்சாபைட் என்பது பத்து லட்சம் டி.பி.

இதைப் படித்துவிட்டு யாரும் நாடா விநியோக உரிமைக்கு ஓட வேண்டாம். ஒரு டிரைவின் விலை சில லட்சம் ரூபாய். நாடாவைச் செய்பவை ஃபியூஜிஃபிலிம், சோனி என்ற இரண்டே நிறுவனங்கள். வாங்குபவர்கள் வங்கிகள், தொலைக்காட்சி நிலையங்கள், ஆராய்ச்சிக்கூடங்கள், தரவு மையங்கள். பழைய கேள்வி இங்கேயும் முளைக்கிறது: ஒன்பதாம் தலைமுறை நாடாவைப் பத்தாம் தலைமுறை டிரைவ் படிக்காது. நாடா முப்பதாண்டு கிடக்கும் என்று விற்பவர் சொல்வார். அதைப் படிக்கும் டிரைவும் அதுவரை கிடைக்குமா என்று வாங்குபவர் கேட்க வேண்டும்.

சென்ற மாதம் விநியோக உரிமை பற்றிக் கேட்டவருக்கும் இதே இடத்தில் திருத்திய பதிலைச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்குப் பென் டிரைவ் விற்பதை மட்டும் நம்பி உரிமைத்தொகை கட்ட வேண்டாம். ஸ்டூடியோ, கண்காணிப்புக் கேமரா, கணக்காளர் அலுவலகம் என்று உங்கள் ஊரில் ஐம்பது நிரந்தர வாடிக்கையாளர் தேறுவார்களா என்று ஒரு மாதம் சைக்கிளில் சுற்றிப் பாருங்கள். தேறினால் எடுங்கள், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.